மாணவர் குரலை ஆய்வு செய்வது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பள்ளியில் மாணவர்களின் கருத்தைக் கேட்டு ஆய்வு செய்யலாம் என்று புறப்படும் பலர் முதலில் உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரிக்கிறார்கள். ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ தொடங்கி ‘சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை’ வரை ஐந்து கட்டங்கள், கடைசியில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று இரண்டு வரி இடம். தாளைக் கொடுத்து வாங்கியாயிற்று, எக்செல்லில் ஏற்றியாயிற்று. அப்புறம்? அந்தப் பதில்களைப் படிக்கப்போவது யார், படித்துவிட்டு எதை மாற்ற அவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஆகவே இந்த வழிகாட்டி கடைசியிலிருந்து தொடங்குகிறது. பிள்ளைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கப்போகிறவரை முதலில் தேடிப் பிடியுங்கள். கேள்வித்தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் படிக்க வேண்டியவை

நிறைய இல்லை. ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவை முழுதாகப் படித்துவிடுங்கள், சிறியதுதான். தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது முதல் பாதி. அந்தக் கருத்துக்கு வயதையும் முதிர்ச்சியையும் பொறுத்து உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது இரண்டாம் பாதி. மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா லண்டி 2007இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் பிடித்தது. குரல் மட்டும் போதாது என்பது அவர் வாதம். அச்சமில்லாமல் பேச ஓர் இடம், பேச உதவும் வழி, கேட்டாக வேண்டிய ஒருவர், சொன்னதால் ஏற்படும் தாக்கம் என்று நான்கும் இருந்தால்தான் 12ஆம் பிரிவு நிறைவேறும் என்றார். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆய்வு வழி தவறும்போதெல்லாம் பெரும்பாலும் மூன்றாவதோ நான்காவதோதான் காணாமல் போயிருக்கும்.

இத்தோடு, ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 12ஆம் பிரிவை விளக்கி 2009இல் வெளியிட்ட 12ஆம் பொதுக் கருத்துரையையும் புரட்டிப் பாருங்கள். குழந்தைகளின் பங்கேற்பு எப்படி இருக்க வேண்டும் என்று அதில் ஒன்பது நிபந்தனைகள் இருக்கின்றன. தகவல் வெளிப்படையாக இருக்க வேண்டும், பங்கேற்பு விருப்பத்தின் பேரில் நடக்க வேண்டும், ஆபத்துகளை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், முடிவில் குழந்தைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் போகிறது பட்டியல். உங்கள் ஆய்வுத் திட்டத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல பட்டியல் வேண்டியதில்லை.

முதல் படி: கேட்கப்போகிறவர் யார்?

பள்ளிக்குள் போனதும் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்பீர்கள். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “மாணவர்கள் சொல்வதிலிருந்து எதையெல்லாம் உங்களால் மாற்ற முடியும், எதை முடியாது?” பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் அவர் கையில் இல்லாமல் இருக்கலாம். கால அட்டவணை, உட்காரும் முறை, நூலகம் திறந்திருக்கும் நேரம், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது, குழு பிரிக்கும் விதம், தாமதமாக வருபவரை என்ன செய்வது ஆகியவை பெரும்பாலும் பள்ளிக்குள்ளேயே முடிவாகிறவை. இந்த இரண்டு பட்டியலும் கையில் இருந்தால், பிள்ளைகளிடம் பேசும்போது பொய்யான நம்பிக்கை கொடுக்காமல் தப்பலாம்.

அடுத்து, ஆய்வு முடிந்ததும் மாணவர்களோடு உட்கார்ந்து முடிவுகளைக் கேட்க ஒரு தேதியை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் இருந்தால் நல்லது. “முதலில் ஆய்வை முடியுங்கள், அப்புறம் பார்க்கலாம்” என்று பதில் வந்தால், என்னைக் கேட்டால் வேறு பள்ளி பார்ப்பது மேல். பட்டத்துக்காகச் செய்தே ஆக வேண்டும் என்ற நிலை என்றால், “இது என் படிப்புக்காக, இதனால் உங்கள் பள்ளியில் எதுவும் மாறும் என்று என்னால் சொல்ல முடியாது” என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டபிறகும் பேச வருபவர்கள் இருப்பார்கள்.

இரண்டாம் படி: கேள்வியைச் சுருக்குவது

‘பள்ளியில் உள்ளடக்குதலும் சமநீதியும்’ என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. எல்லாப் பிள்ளைகளையும் வழக்கமான பள்ளியிலேயே சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்ற 1994 சலமாங்கா அறிக்கைக்குப் பிறகு உள்ளடக்கிய கல்வி என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. அதில் நீண்டகாலம் உழைத்த மெல் ஐன்ஸ்கோ போன்றவர்கள் மூன்று கோணங்களில் பார்க்கச் சொல்கிறார்கள்: பிள்ளை பள்ளிக்கு வருகிறதா, வந்தபின் நடப்பவற்றில் கலந்துகொள்கிறதா, கற்றுத் தேறுகிறதா. மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு நடுவில் உள்ளது நல்ல களம். வருகைப்பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் காட்டாத விஷயம் அது. பிள்ளைகளைக் கேட்டால்தான் தெரியும்.

கேள்வியின் எழுவாய் யார் என்று பாருங்கள். ‘காது கேளாத மாணவர்கள் குழுவேலையில் ஏன் பின்தங்குகிறார்கள்?’ என்று கேட்டால் குறை பிள்ளையிடம் போய் உட்கார்ந்துவிடுகிறது. ‘குழுவேலை நடக்கும் விதத்தில் எது அவர்களை வெளியே நிறுத்துகிறது?’ என்று கேட்டால் பார்க்க வேண்டியவை கண்ணில் படுகின்றன: நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, முகம் தெரியாதபடி உட்காருவது, முடிவெடுத்தபின் “அதை அப்புறம் சொல்றேன்” என்று ஒதுக்குவது. டோனி பூத்தும் ஐன்ஸ்கோவும் 2000இல் வெளியிட்ட ‘உள்ளடக்குதல் குறியீட்டு ஏடு’ (Index for Inclusion, பள்ளி தன்னைத்தானே சோதித்துப் பார்க்க உதவும் கையேடு), பிள்ளையின் குறையைப் பேசுவதை விட்டு ‘கற்றலுக்கும் பங்கேற்புக்கும் உள்ள தடைகள்’ என்று பேசச் சொன்னது இதனால்தான்.

சமநீதியைப் பார்க்க எளிய வழி, எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கும் ஒரு விதியை எடுத்து அது யார்மீது எப்படி விழுகிறது என்று கேட்பது. காலையில் கேட்டை மூடும் நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான். தம்பி தங்கையைத் தயார் செய்து விட்டுவிட்டு வரும் பிள்ளைக்கும், வாசலில் காரில் வந்து இறங்கும் பிள்ளைக்கும் அது ஒரே விதியாக இருப்பதில்லை.

மூன்றாம் படி: அறைக்குள் யார் இல்லை?

இங்கே அவசரப்படாதீர்கள். ஆய்வின் தரம் பெரும்பாலும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

“பத்து மாணவர்களை அனுப்புங்கள்” என்று கேட்டால் நன்றாகப் பேசுகிற, பள்ளிக்குப் பெயர் வாங்கித்தருகிற பத்துப் பேர் வருவார்கள். ஆசிரியர்களுக்குக் கெட்ட நோக்கம் எதுவும் இருக்காது. விருந்தாளி வந்தால் நல்ல பிள்ளைகளை முன்னால் நிறுத்துவது எல்லோரும் செய்வதுதான். மாணவர் மன்றத்தை மட்டும் வைத்து ஆய்வு செய்தாலும் இதே கதைதான். அந்தப் பத்துப் பேர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது பள்ளியோடு ஒத்துப்போன பிள்ளைகளின் உண்மை.

இன்னொரு கோடியும் இருக்கிறது. ‘ஒதுக்கப்பட்டவர்கள்’ யார் என்று நாமே முன்கூட்டி முடிவு செய்துவிட்டு அவர்களை மட்டும் தேடிப் போவது. கிரியாக்கி மெசியூ என்ற ஆய்வாளர் ஒதுக்கப்படுதலை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒதுக்கப்படுவது எல்லோருக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும் என்பது ஒன்று. பிள்ளை உணர்கிறது, சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்பது இரண்டு. பார்ப்பவர்களுக்கு ஒதுக்கலாகத் தெரிகிறது, பிள்ளைக்கு அப்படித் தோன்றவில்லை என்பது மூன்று. அனுபவிக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மறுக்கிறது என்பது நான்கு. பதிவேட்டில் உள்ள முத்திரையை வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தால் முதல் வகைதான் கிடைக்கும். இரண்டாவது வகைப் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு, யாருக்கும் தொல்லை தராமல், இடைவேளை முழுவதும் நூலகத்தில் புத்தகத்தைத் திறந்துவைத்தபடி உட்கார்ந்திருக்கும்.

எனவே முதல் சுற்றில் முழு வகுப்பையும் சேருங்கள். எல்லோரும் செய்யக்கூடிய ஒரு சிறிய செயல்பாடு போதும். அதில் எழுதியது, எழுதாமல் விட்டது இரண்டையும் பார்த்து இரண்டாம் சுற்றுக்கு அழையுங்கள். அந்த அழைப்பையும் வகுப்பு நடுவே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். “மாற்றுத்திறனாளி மாணவர்கள் மட்டும் வாங்க” என்ற ஒரு வாக்கியம், நீங்கள் ஆய்வு செய்ய வந்ததையே உங்கள் கையால் செய்துவிடும்.

நீங்கள் போகும் நாளில் பள்ளிக்கு வராத பிள்ளைகள், வீட்டில் வேறு மொழி பேசுபவர்கள், வாய்ப்பேச்சைப் பயன்படுத்தாதவர்கள் என்று யார் யார் விடுபட்டார்கள் என்பதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள். எல்லோரையும் எட்ட முடியாது. யாரை எட்டவில்லை என்பதை அறிக்கையில் சொல்ல முடியும்.

நான்காம் படி: சம்மதம்

ஆய்வு நெறிமுறைக் குழு, பள்ளி, பெற்றோர் என்று மூன்று கையெழுத்து வாங்கியபிறகு நான்காவதாகப் பிள்ளையிடம் வருகிறோம். உண்மையில் மறுக்கத் தயங்குகிற ஒரே ஆளும் பிள்ளைதான். ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது பிள்ளை சொல்லும் “சரி”யைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத, அந்த வயதுக்குப் புரியும் தாளைக் கொடுங்கள். ஓரிரு நாள் விடுங்கள். ஆசிரியர் இல்லாதபோது மறுபடி கேளுங்கள். பேச்சின் நடுவிலும் நிறுத்தலாம் என்று சொல்வதோடு விடாமல், நிறுத்துவதற்கு ஒரு வழியும் கொடுங்கள். மேசைமேல் ஒரு சிவப்பு அட்டை வைத்து, “இதைத் திருப்பினால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம், காரணம் சொல்ல வேண்டாம்” என்றால் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவார்கள். தொடக்கத்திலேயே ஒருமுறை சும்மா திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

“நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அடி, பாலியல் தொல்லை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவை வெளிவந்தால் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் நீங்கள் சொல்லியாக வேண்டும். அந்த வரம்பை உரையாடல் தொடங்கும் முன் சொல்ல வேண்டும். விஷயம் வெளியே வந்தபின் சொன்னால் அது துரோகமாகத் தெரியும். பொறுப்பானவர் யார், அவர் எந்த நேரத்தில் கிடைப்பார் என்பதை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கேட்கும் விதம்

“பள்ளி உனக்குப் பிடிக்குமா?” என்று கேட்டால் “பிடிக்கும்” என்று வரும். ஆய்வு அங்கேயே முடிந்தது. “நேற்று இடைவேளை மணி அடித்ததும் எங்கே போனாய்?” என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்வது எந்த வயதுக்கும் எளிது. கருத்தை அதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம். குழு உரையாடல் என்றால் நான்கு முதல் ஆறு பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவார்கள், மீதிப்பேர் தலையாட்டுவார்கள்.

பேச்சை விட்டும் வழிகள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்காக ஆலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001இல் வடிவமைத்த மொசைக் முறையில் குழந்தையே கேமராவில் படம் எடுக்கும், ஆய்வாளரைக் கையைப் பிடித்து இடம் காட்டிக்கொண்டு போகும், வரைபடம் போடும். 1990களில் கேரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் உருவாக்கிய, தாங்கள் எடுத்த படத்தை வைத்தே பேசும் ஃபோட்டோவாய்ஸ் முறை சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது. படத்தில் மற்றவர் முகம் விழுந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும் என்பதால், ‘ஆள் இல்லாத படம்’ என்று விதி வைத்துவிடுவது நிம்மதி.

புதியவருக்கு நான் சொல்வது தரைப்பட முறை. செலவு கிடையாது. பள்ளியின் தரைப்படத்தைப் பெரிய தாளில் வரைந்து மேசையில் விரியுங்கள். பிடித்த இடத்துக்குப் பச்சை ஒட்டுத்தாள், போகாமல் தவிர்க்கும் இடத்துக்குச் சிவப்பு, நேரத்தைப் பொறுத்தது என்றால் மஞ்சள். நிறம் பிரித்துப் பார்க்க முடியாத பிள்ளை இருக்கலாம், அதனால் வட்டம், சதுரம், முக்கோணம் என்று வடிவத்தையும் மாற்றிவிடுங்கள். பார்வையற்ற பிள்ளை என்றால் தாளை விட்டுவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு பள்ளியைச் சேர்ந்து சுற்றிவரலாம். எல்லோர் கண்ணும் தாளில் இருப்பதால் பெரியவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் சங்கடம் இதில் இல்லை. மாடிப்படி ஒன்றில் மூன்று சிவப்பு விழுகிறது என்று வையுங்கள். “ஏன்?” என்று பாய வேண்டாம், ‘ஏன்’ என்பது பள்ளியில் விசாரணைச் சொல். “இது எந்த நேரத்தில்?” என்று கேளுங்கள். “கடைசி பீரியட் முடிஞ்சு இறங்கும்போது” என்று ஒருவர் சொல்வார். “அப்போ அங்கே யார் இருப்பாங்க?” அங்கிருந்து கதை தானாக வரும். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் கொஞ்சம் பொறுங்கள். அமைதியை நிரப்பக் கேள்விமேல் கேள்வி போடுவது புதியவர்களிடம் உள்ள பழக்கம்.

மாணவர்களே ஆய்வாளர்களாக

ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய ஏட்டில் எட்டுப் படிகள் கொண்ட பங்கேற்பு ஏணி ஒன்று இருக்கிறது. கீழே உள்ள மூன்றை, அதாவது ஆட்டுவித்தல், அலங்காரம், கண்துடைப்பு ஆகியவற்றை, அவர் பங்கேற்பு என்றே ஏற்கவில்லை. விழா மேடையில் பெரியவர் எழுதிக்கொடுத்த உரையைப் படிக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டால் போதும். மைக்கேல் ஃபீல்டிங் 2001இல் இன்னொரு வரிசை தந்தார்: மாணவர் தரவாக இருப்பது, பதில் சொல்பவராக இருப்பது, இணை ஆய்வாளராவது, தானே ஆய்வாளராவது. முதல் ஆய்விலேயே நான்காவதற்குத் தாவ வேண்டியதில்லை. கேள்விகளை வடிவமைக்க மூன்று நான்கு மாணவர்களைச் சேர்த்தாலே தெரியும். “இப்படிக் கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க” என்று பாதிக் கேள்வியை அடித்துவிடுவார்கள்.

வகுப்பறைக்குள்ளேயே செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு மெசியூவும் ஐன்ஸ்கோவும் வளர்த்தெடுத்த ஒரு முறை உண்டு. மூன்று ஆசிரியர்கள் மாணவ ஆய்வாளர்களோடு உட்கார்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், நடத்துவார்கள், யார் ஒட்டினார்கள், யார் விலகினார்கள் என்று அலசுவார்கள், திருத்தி அடுத்த வகுப்பில் நடத்துவார்கள். இதில் ஒரு பொறி: மாணவ ஆய்வாளர் பதவியும் முதல் வரிசைப் பிள்ளைகளுக்கே போய்விடும். குலுக்கல் போட்டாலும் சரி, அதைத் தடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: சொன்னதைப் படிப்பது

விர்ஜினியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் விளக்கிய, பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைக் குறியிட்டுத் தொகுக்கும் கருப்பொருள் பகுப்பாய்வு முறை புதியவருக்குப் போதுமானது. ஆறு கட்டங்கள், முதலாவது, எழுத்துப்படியைத் திரும்பத் திரும்பப் படிப்பது. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஒரு மாணவி இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “சார் என்கிட்ட கேள்வியே கேட்க மாட்டார். ரொம்ப நல்லவர்.” அவசரத்தில் படித்தால் ‘ஆசிரியர் உறவு: நன்று’ என்று குறியிட்டுவிட்டுப் போய்விடுவோம். மெதுவாகப் படித்தால் இரண்டு வாக்கியமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பது தெரியும். கேள்வி கேட்காமல் விடுவது அங்கே கருணையாகியிருக்கிறது, அவளும் அதைக் கருணையாகவே வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் எதிர்பார்ப்பு இல்லை என்பது யாருக்கும் உறுத்தவில்லை. இந்த மாதிரி வரிகளை ‘இரக்கத்தோடு விலக்குதல்’ போல உங்கள் சொந்தக் குறியில் தனியாக எடுத்துவையுங்கள். பிறகு வேறு யாரிடம் இது வருகிறது என்று தேடுங்கள்.

ஒருவர் மட்டும் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பள்ளியில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவர்தான் என்றால், சாய்தளப் பிரச்சினை ஒருமுறைதான் வரும். அதே காரணத்தால் அவரை மறைப்பதும் கடினம். பெயரை மாற்றினாலும் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அறிக்கையில் எப்படி எழுதலாம் என்று அவரிடமே கேளுங்கள். “என் பேரோடயே போடுங்க” என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு, அதையும் நெறிமுறைக் குழுவோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளைகளின் மொழியைத் திருத்தாதீர்கள். “வகுப்பறையில் பாரபட்சம் நிலவுகிறது” என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை.

ஏழாம் படி: திரும்பிப் போவது

முதல் படியில் வாங்கிய தேதி இப்போது வருகிறது. ஆசிரியர்களிடம் சொல்வதற்கு முன்பே மாணவர்களைத் தனியாகச் சந்தித்து “நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?” என்று கேட்டுவிடுங்கள். ஓர் ஆசிரியரை மட்டும் சுட்டும் விஷயங்களைப் பொதுக்கூட்டத்தில் வைக்காதீர்கள். யார் சொன்னார்கள் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள், விலையைக் கொடுப்பது பிள்ளைதான்.

கூட்டத்தில் பள்ளி நிர்வாகம் ஒவ்வொரு கோரிக்கைக்கும் மூன்றில் ஒரு பதிலாவது சொல்ல வேண்டும் என்று கேளுங்கள்: ‘செய்கிறோம்’, ‘இந்தத் தேதிக்குள் செய்வோம்’, ‘முடியாது, காரணம் இது’. ‘முடியாது’ என்று காரணத்தோடு வந்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராமல் போவதைத்தான் அவர்கள் மறப்பதில்லை. அடுத்த ஆய்வாளர் வரும்போது “பிடிக்கும்” என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வார்கள். சின்ன வகுப்புகளுக்கு இந்தப் பதில்களைப் படங்களோடு ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். உங்கள் ஆய்வேட்டை அவர்கள் யாரும் படிக்கப்போவதில்லை.

பருவம் ஒன்று கழிந்ததும் இன்னொருமுறை போய் அதே பிள்ளைகளிடம் என்ன மாறியது என்று கேட்க நேரம் ஒதுக்கிவையுங்கள். இந்தப் பயணத்தை ஆய்வுத் திட்டத்திலும் செலவுக் கணக்கிலும் முதலிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நடக்காது. “ஒன்றும் மாறவில்லை” என்று அவர்கள் சொன்னால், அதையும் அறிக்கையின் முடிவுகள் பகுதியில், மற்ற முடிவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.